நியூ லனார்க் ஆலையின் முதல் கதவருகே ஒரு பஞ்சுப் பொதி வேண்டும்

நியூ லனார்க் அறக்கட்டளையின் மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். ஏழு ஆண்டுகளாகக் கிளாஸ்கோவில் குடியிருக்கும் நான், ஸ்காட்லாந்தில் உங்கள் பொறுப்பில் உள்ள பழைய ஆலை ஊருக்கு இதுவரை ஐந்து முறை வந்திருக்கிறேன். கடைசி முறை வந்தபோது மூன்றாம் ஆலையில் ஓடும் மியூல் என்னும் பழைய நூற்பு இயந்திரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, அங்கு நூற்ற கம்பளி நூலில் ஒரு சிட்டம் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். திரும்பும் வழியில் என் ஒன்பது வயது மகள் அந்தச் சிட்டத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அந்தக் காலத்திலும் இந்த ஊர் ஆட்டு ரோமத்தில்தான் நூல் நூற்றார்களா அம்மா?" என்று கேட்டாள். இல்லை, பஞ்சில் நூற்றார்கள் என்றேன். "இந்தக் குளிரில் பஞ்சு விளையுமா?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. நாள் முழுவதும் அந்த ஆலைக்குள் நடந்த ஒரு குழந்தைக்கு இந்தக் கேள்வி பேருந்தில் ஏறிய பிறகே தோன்றியது என்பதுதான் இம்மடலை எழுதவைத்தது. இதன் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். விடுமுறை நாட்களில் உங்கள் ஊருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பல இருப்பதாலும், இதில் எங்களுக்கும் ஒரு பழைய தொடர்பு இருப்பதாலும், தமிழில் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் காப்பாற்றியது சிறிய காரியமில்லை. 1968இல் ஆலை மூடப்பட்டு, 1970இல் ஆலைக் கட்டடங்கள் பழைய உலோகம் பிரித்தெடுக்கும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய், கூரைகள் ஒழுகி, முற்றத்தில் இரும்புக் குப்பை குவிந்து கிடந்த இடம் அது. அதை 1983இல் கட்டாயக் கொள்முதல் மூலம் மீட்டு, கல்லுக்குக் கல் சீர்செய்து, 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது, அதை வெறும் காட்சிக்கூடமாக்காமல் மக்கள் குடியிருக்கும் ஊராகவே வைத்திருப்பதை. வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டுச் சரிவுப் பாதையில் இறங்கும்போது, பள்ளத்தாக்கின் அடியில் மணற்கல் வரிசை வீடுகளும் அவற்றின் புகைபோக்கிகளும் முதலில் கண்ணில் படுகின்றன. ஒரு வீட்டின் சன்னலில் பூந்தொட்டி இருக்கிறது, இன்னொரு வீட்டு வாசலில் சேறு படிந்த குழந்தைக் காலணிகள் கிடக்கின்றன. பாரம்பரியச் சின்னம் என்று பெயர் பெற்ற இடங்களில் இதைக் காண்பது அரிது.

ஆலையின் பிறப்பை நீங்கள் நன்றாகவே சொல்கிறீர்கள். கிளாஸ்கோ வணிகரான டேவிட் டேல், நீரால் இயங்கும் நூற்பு இயந்திரத்தால் புகழ்பெற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட்டை அழைத்துவந்து கிளைடு ஆற்றின் அருவிகளைக் காட்டினார். 1785இல் கட்டுமானம் தொடங்கியது, 1786இல் நூற்பு தொடங்கியது. பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே ஆற்று நீரைக் கால்வாயில் இறக்கிச் சக்கரங்களைச் சுழலவிட்டார்கள். 1788இல் முதல் ஆலை தீப்பற்றி அழிந்தது, உடனே மீண்டும் எழுந்தது. ஊரிலிருந்து மேலே நடந்தால் 26 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கோரா லின் அருவியை அடையலாம். இப்போது நீர்மின் நிலையம் ஆற்றின் பெரும்பகுதியைத் திருப்பிக்கொள்வதால், நீர் திறந்துவிடும் நாட்களில்தான் அதன் முழு உருவம் தெரியும். நான் அதை முதலில் கண்டது அப்படிப்பட்ட ஒரு நாளில். பாபநாசம் அருவி நினைவுக்கு வந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டேல் காலத்து ஆலையில் வேலை பார்த்தவர்கள் யார் என்பதும் உங்கள் ஊரில் மறைக்கப்பட்ட செய்தியன்று. 1793 வாக்கில் ஏறத்தாழ 1,150 பேர் அங்கு வேலை பார்த்தார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சிறுவர் சிறுமியர். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து எடுத்துவரப்பட்ட நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆலைக் கட்டடம் ஒன்றிலேயே தங்கவைக்கப்பட்டார்கள். காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை வேலை, நடுவில் உணவுக்கு ஒன்றரை மணி நேரம், அதற்குப் பிறகு இரவுப் பள்ளி. அக்கால வழக்கத்தோடு ஒப்பிட்டால் டேல் அப்பிள்ளைகளுக்கு நல்ல உணவும் துணியும் கொடுத்தார் என்று பார்க்க வந்தவர்கள் பாராட்டி எழுதினார்கள். பதின்மூன்று மணி நேரம் ஆலையில் நின்ற எட்டு வயதுப் பிள்ளை இரவுப் பள்ளியில் எத்தனை எழுத்தைக் கற்றிருக்கும் என்று, டேலுக்குப் பின் ஆலையை நடத்திய ராபர்ட் ஓவனே பின்னர் கேட்டார்.

1791இல் ஸ்கை தீவிலிருந்து வட கரோலினாவுக்குப் புறப்பட்ட கப்பல் ஒன்று புயலில் சிக்கிக் கிரீனக் துறைமுகத்தில் ஒதுங்கியபோது, அதிலிருந்த மலைநாட்டுக் குடும்பங்கள் பலவற்றை டேல் தம் ஆலைக்கு அழைத்துக்கொண்டார். வடக்கிலிருந்து வந்தவர்கள் வாழ்ந்த வரிசைக்குக் கெய்த்னஸ் வரிசை என்று இன்றும் பெயர். பிழைக்கக் கடல் கடக்கப் புறப்பட்டு, பாதி வழியில் ஒரு பஞ்சாலையின் சங்குக்குக் கட்டுப்பட்டுவிட்டவர்கள். சங்கு என்றது எங்கள் ஊர்ப் பேச்சு, உங்கள் ஆலையில் அதன் இடத்தில் மணி இருந்தது.

ஓவனைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டேலின் மகள் கரோலினை மணந்து, 60,000 பவுண்டுக்குக் கூட்டாளிகளோடு ஆலையை வாங்கி, 1800 சனவரி முதல் நாளில் பொறுப்பேற்றவர். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஆலையில் சேர்ப்பதை நிறுத்தினார், 1816இல் கல்விக்கூடத்தைத் திறந்து ஆலைத் தொழிலாளரின் மழலைகளுக்கும் அதில் இடம் தந்தார், ஊர்க் கடையில் நல்ல பொருளை நியாய விலைக்கு விற்று அதன் இலாபத்தைப் பள்ளிக்குத் திருப்பினார். குழந்தைத் தொழிலாளரைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்தில் சட்டம் வேண்டும் என்று அலைந்தார். 1819இல் வந்த சட்டம் அவர் கேட்டதில் கால்வாசிகூட இல்லை. இவை யாவும் உண்மை, இவற்றுக்கு உரிய மரியாதையை நான் குறைக்கவில்லை.

ஆயினும் ஓவனைத் தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்க்கும் கோணம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் அவர் தொங்கவிட்ட அந்தச் சிறு மரக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு பக்கத்திலும் நான்கு நிறம். கறுப்பு என்றால் நேற்றைய நடத்தை மோசம், நீலம் என்றால் சுமார், மஞ்சள் என்றால் நன்று, வெள்ளை என்றால் மிக நன்று. மேற்பார்வையாளர் நாள்தோறும் கட்டையைத் திருப்பிவைப்பார், அந்த நிறம் ஒரு பேரேட்டிலும் ஏறும். அடியோ வசையோ இல்லாமல் ஒழுங்கு கொண்டுவந்த கருவி என்று ஓவன் அதைப் பெருமையாக நினைத்தார். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் ஒரு மில்லில் முப்பது ஆண்டுகள் ஸ்பின்னிங் பகுதியில் நின்றவர், அவரிடம் இதைக் காட்டியிருந்தால் மேஸ்திரியைவிட இந்தக் கட்டைக்குத்தான் அதிகம் பயந்திருப்பார் என்று நினைக்கிறேன். மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் திட்டு முடிந்துவிடும், கறுப்பு நிறம் பொழுது சாயும்வரை பக்கத்திலேயே தொங்கும். வீடு வீடாகத் துப்புரவைச் சோதிக்க வந்த குழுவினருக்கு நியூ லனார்க் பெண்கள் மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள் என்று பட்டப்பெயர் வைத்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்களைச் சந்தித்திருக்கலாமே என்று ஆசையும் வந்தது. உங்கள் தொழிலாளர் வீட்டுக் காட்சியறையில் சுவரோடு பதித்த கட்டிலையும், அதன் அடியிலிருந்து இரவில் இழுத்துப்போடும் பிள்ளைகளின் தாழ்ந்த கட்டிலையும் பார்க்கும்போது, அந்தப் பட்டப்பெயரை வைத்த குரல் அவ்வறையில் கேட்க வேண்டும் என்றே தோன்றியது.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். ஓவனின் பெருந்தன்மைக்குச் சான்றாக எப்போதும் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிரித்தானியாவுக்குப் பஞ்சு அனுப்புவதை அமெரிக்கா தடைசெய்தபோது, விலை ஏறிப் பல ஆலைகள் தொழிலாளரை வெளியே அனுப்பின. ஓவன் இயந்திரங்களை நான்கு மாதங்கள் நிறுத்திவைத்தார், இயந்திரத்தைத் துடைத்துப் பேணுவதைத் தவிர வேறு வேலையில்லாத அந்நாட்களுக்கும் முழுக் கூலி கொடுத்தார். 7,000 பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. அதுவரை இந்த வெளியூர்க்காரரை நம்பாத தொழிலாளர்கள் அதற்குப் பிறகே அவரை நம்பினார்கள் என்று அவரே தம் வரலாற்றில் எழுதுகிறார். இந்தக் கதையை மூன்று முறை கேட்ட பிறகுதான் அதன் உள்ளே இருப்பது எனக்கு உறைத்தது. அமெரிக்கத் துறைமுகம் மூடினால் கிளைடு பள்ளத்தாக்கில் நூற்புக் கதிர்கள் நிற்கின்றன என்றால், அந்த ஊரின் உயிர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் யாரோ பறித்த பஞ்சில் இருந்தது. பறித்தவர்கள் அடிமைகள். அந்த நான்கு மாதங்களில் அவர்களுக்கு எவரும் கூலி கொடுக்கவில்லை, முன்னும் பின்னும் கொடுத்ததில்லை.

ஸ்காட்லாந்துப் பஞ்சாலைகளுக்குத் தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பின்னர் மேன்மேலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தும் பஞ்சு வந்தது. இரண்டு இடங்களிலும் வயல்களில் நின்றவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்கரும் அவர்களுடைய பிள்ளைகளும். 1793இல் எலி விட்னி விதை நீக்கும் இயந்திரத்தைச் செய்த பிறகு தென் மாநிலங்களில் பஞ்சு வயல்கள் பெருகின, அடிமைகளின் எண்ணிக்கையும் பெருகியது, இங்கே கதிர்களும் பெருகின. இம்மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பத்திகள்.

டேலைப் பற்றி அறிந்தபோது இது இன்னும் சிக்கலாயிற்று. 1791இல் கிளாஸ்கோவில் அடிமை வணிகத்தை ஒழிக்க அமைந்த சங்கத்தின் தலைவர் அவர்தான். அதே ஆண்டில் அவருடைய ஆலையில் அடிமைகள் விளைவித்த பஞ்சு நூலாகிக்கொண்டிருந்தது. அவர் பாசாங்கு செய்தார் என்று நான் நினைக்கவில்லை, அவருடைய சமயப் பற்றும் கொடையும் எல்லாரும் அறிந்தவை. ஒரு மனிதரின் மனச்சான்று கூட்ட மேடையில் பேசிவிட்டு வீட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் இருந்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஓவனோ 1820களின் இறுதியில் ஜமைக்காவைப் பார்த்துவிட்டு, அங்குள்ள அடிமைகளின் நிலை பிரித்தானியத் தொழிலாளரின் நிலையைவிட மேல் என்ற பொருளில் எழுதினார். மழலையர் பள்ளியை எண்ணிப் பார்த்த அதே மனத்தில் இதுவும் இருந்தது. அவரை நேசிப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். சொன்னால் அவர் சிறுத்துப்போவார் என்று நான் கருதவில்லை, சிலையாக நிற்பவர் ஒரு மனிதராவார்.

இந்தச் செய்திகளை நீங்கள் மறைக்கிறீர்கள் என்பது என் குற்றச்சாட்டில்லை. அவை எந்த இடத்தில் நிற்கின்றன என்பதே என் கவலை. ஒரு சுவரின் ஓரத்தில் பலகையாகவோ, தேடிப்போனால் கிடைக்கும் ஏடாகவோ இருப்பது போதாது. ஆலையில் இன்று ஓடுவது கம்பளி. செம்மறி ஆடு மேயும் குன்றுகளைச் சன்னல் வழியே பார்த்தபடி கம்பளி நூல் சுற்றுவதைக் காண்பவர்களுக்கு, எல்லாம் இந்த மண்ணில் தோன்றி இந்த மண்ணில் முடிந்ததாகவே மனத்தில் படியும். ஆறு இவ்வூருடையது, கல் இவ்வூருடையது, மூலப்பொருள் மட்டும் எக்காலத்திலும் இவ்வூருடையதாக இருந்ததில்லை. மியூல் இயந்திரத்தை ஓட்டக் கம்பளியே வசதி என்றால் அப்படியே ஓடட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அதன் அழகான ஓசை ஒரு பெரிய உண்மையின் மேல் போர்வையாக விழுந்துவிடக் கூடாது.

எனக்கு இதில் இருக்கும் பழைய தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். 1880களில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள், பொதிகை மலையடியில் தாமிரபரணி அருவியாக விழும் பாபநாசத்துக்கு வந்து, அந்த நீரின் விசையில் ஒரு பஞ்சாலையை நிறுவினார்கள். அருவி, கால்வாய், ஆலை, தொழிலாளர் குடியிருப்பு என்று அப்படியே உங்கள் ஊரின் வரைபடம். பின்னாளில் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலைகள் எழுந்தன. 1974இல் அந்நிறுவனம் பெய்ஸ்லி நகரத்துக் கோட்ஸ் குழுமத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர்களுக்கு அது என்றைக்கும் ஹார்வி மில்தான். ஹார்வி குழுமத்தின் தூத்துக்குடிக் கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற வேலைநிறுத்தம் ஒன்பது நாட்களில் வென்றது. வேலை நேரம் குறைந்தது, கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் அந்தத் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, முதலாளி இரங்கித் தந்த நன்மைகளின் பட்டியலைப் படிக்கும்போது, கேட்டு வாங்கியவர்களின் பெயர் எங்கே என்று என் கண் தானாகவே தேடுகிறது. இது எங்கள் ஊர்ப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேண்டுகோள்கள் செலவு மிக்கவை அல்ல. காட்சி தொடங்கும் முதல் கதவருகே, ஓவனின் படத்துக்கும் முன்னால், இறுகக் கட்டிய ஒரு பஞ்சுப் பொதியை வையுங்கள். எங்கள் மில்களில் இன்றும் நூற்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பேல் என்னும் பொதியைப் பிரித்து, பஞ்சை உதறித் தூசும் விதைத்துண்டும் நீக்கிய பிறகே மற்ற எல்லாம். பிள்ளைகள் அதைக் கையால் தொட்டு, ஒரு கொத்தைப் பிய்த்துப் பார்க்கட்டும். அது எங்கே விளைந்தது, யார் பறித்தார்கள், எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, அருவிகள் தடுப்பதால் படகேற முடியாத அந்தப் பள்ளத்தாக்குக்கு வண்டியில் எப்படி வந்தது என்பதை அங்கேயே சொல்லுங்கள். பிறகு ஓவனைப் பற்றிச் சொல்லுங்கள், நாங்கள் நின்று கேட்போம். பொதியைத் தொட்டுவிட்டு வருபவருக்கு அந்த நான்கு மாதக் கூலியின் கதை இரண்டு மடங்கு பொருளோடு கேட்கும்.

பழைய பதிவேடுகளில் ஆதரவற்ற பிள்ளைகளின் பெயர்கள் கிடைக்குமாயின், அவர்கள் தங்கிய இடத்தில் அப்பெயர்களை எழுதிவைக்கலாம். பெயர் கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விடலாம், கற்பனைப் பெயர் வேண்டாம். அந்த நிறக்கட்டையைக் காட்டும்போது, மேற்பார்வையாளர் பார்த்த பக்கத்தோடு, நாள் முழுவதும் அதன் கீழே நின்ற பெண் பார்த்த பக்கத்தையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சிறு காரியம், அடுத்த வாரமே செய்யக்கூடியது. உங்கள் கம்பளிச் சிட்டத்தைச் சுற்றிவரும் காகிதத் துண்டில் நிறத்தின் பெயரும் எடையும் நீளமும் இருக்கின்றன. அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே இரண்டு வரி அச்சிடுங்கள்: இந்த ஆலை பல தலைமுறைகள் நூற்றது பஞ்சு என்றும், அதன் தொடக்கக் காலப் பஞ்சை அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் விளைவித்தார்கள் என்றும். நாங்கள் வாங்கிய நீலச் சிட்டத்தில் பாதியை என் மகள் தொப்பியாகப் பின்னிவிட்டாள், மீதியை அந்தக் காகிதத்தோடு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். வரும் வசந்தத்தில், நீர் திறந்துவிடும் நாளாகப் பார்த்து மீண்டும் வருவோம். அடுத்த தொப்பிக்கு அவளுக்கு இன்னும் ஒரு சிட்டம் தேவைப்படும்.

மரியாதையுடன்,
விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி ஒருவரின் பேத்தி,
கிளாஸ்கோ